கலங்கல் தண்ணீருக்கு ஏழடிக் கம்பி: மீட் ஏரிக் கெண்டைகளோடு ஒரு வருடம்

போன வருடம் ஜனவரியில் வாங்கிய ஏழடி போல்ஸ்பியருக்கு (தண்ணீருக்குள் முங்கி, ரப்பரை இழுத்துவிட்டுக் குத்தும் மீன் ஈட்டி) இப்போதுதான் மதிப்புரை எழுதுகிறேன். பொறுமை என்றும் சொல்லலாம், சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம். ஆனால் மே மாதம் எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன், அக்டோபரில் எழுதியிருந்தால் பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி என்றுதான் எழுதியிருப்பேன். ஈட்டி அதே ஈட்டி, ஏரி அதே ஏரி. தண்ணீரும் கெண்டையும் (காமன் கார்ப்) மட்டும்தான் மாறின. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

என் மதிப்பெண் 5-க்கு 3.5.

முதலில் பொருள். இரண்டு துண்டாக வரும் அலுமினியக் குழாய், நடுவில் மரை வைத்த இணைப்பு, பின்பக்கம் ரப்பர் வளையம், முன்பக்கம் சூலம் மாதிரி மூன்று முள் முனை. வரியோடு 95 டாலர். கம்பெனி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே அமைப்பில் பலர் செய்கிறார்கள், நிறமும் பெட்டியும்தான் வேறு. நான் சொல்லப்போவது அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும். ரப்பர் வளையத்தைக் கட்டைவிரல் இடுக்கில் மாட்டிக்கொண்டு அதே கையைக் கம்பியில் முன்னால் நகர்த்தி இறுக்கிப் பிடிக்க வேண்டும், பிடியைத் தளர்த்தினால் கம்பி பாயும். நம்மூர் கவண் மாதிரிதான், கல்லுக்குப் பதில் கவணே பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க இழுத்தால் கைக்கு முன்னால் நாலடிக் கம்பி இருக்கும், விட்டால் இன்னும் மூன்றடி பாயும். கையின் நீளத்தையும் சேர்த்து, முகத்திலிருந்து இரண்டரை மீட்டருக்குள் மீன் நின்றால்தான் வேலை நடக்கும். இந்த இரண்டரை மீட்டரை நினைவில் வையுங்கள், மீதி மதிப்புரை முழுக்க அதைப் பற்றித்தான்.

நான் இருப்பது நெவாடாவில் ஹென்டர்சன். மீட் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது, சனிக்கிழமை விடிவதற்குள் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். ஹூவர் அணை கட்டியதால் உண்டான ஏரி, சுற்றிலும் பாலைவனம், கரைப் பாறையில் நீர்மட்டம் இறங்கியதைக் காட்டும் வெள்ளைப் பட்டை. 2022 ஜூலையில் கடல் மட்டத்திலிருந்து 1,040 அடி உயரத்துக்கு இறங்கிவிட்டது, நிறைந்திருந்தால் 1,220 அடிக்கு மேல் நிற்க வேண்டிய தண்ணீர். இங்கே கெண்டையை ஈட்டியால் பிடிக்கலாம். மீன்பிடி லைசென்ஸ் வேண்டும், படகுத்துறைக்கும் குளிக்கும் இடத்துக்கும் பக்கத்தில் கூடாது, சிவப்பில் வெள்ளைக் குறுக்குக்கோடு போட்ட கொடி தலைக்கு மேல் மிதக்க வேண்டும். ஏரியின் ஒரு கரை நெவாடா, மறு கரை அரிசோனா, விதியும் தூரக்கணக்கும் வேறு வேறு. அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள், நான் சொன்னேன் என்று போய் அபராதம் கட்டாதீர்கள்.

கெண்டையைக் குத்துவதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது இந்த நாட்டு மீனே இல்லை. 1877-இல் அரசாங்கமே ஜெர்மனியிலிருந்து 345 மீன்களை பால்டிமோருக்குக் கொண்டுவந்து, குளத்தில் வளர்த்து, குஞ்சுகளை ரயிலில் ஏற்றி ஊர் ஊராகக் கொடுத்தது. நம்ம ஊட்டிக்கு 1939-இல் இலங்கையிலிருந்து வந்ததும் இதே ஜெர்மன் வம்சம்தான். அங்கே விரும்பிச் சாப்பிட்டார்கள், இங்கே சாப்பிட மறந்துவிட்டார்கள், மீன் மட்டும் பெருகிவிட்டது. அடிமண்ணை வாயால் உறிஞ்சி, சல்லடை போட்டு, புழுவையும் விதையையும் விழுங்கிவிட்டு மண்ணைத் துப்பும். துப்பிய மண் தண்ணீரைக் கலக்கும், செடியும் வேரோடு போகும்.

சரி, தெளிவுக்கு வருகிறேன். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். காலை வெளிச்சத்தில் ஒரு மாதிரி தெரியும், மேகம் வந்தால் வேறு மாதிரி. 1865-இல் இத்தாலியில் செக்கி என்ற பாதிரியார் வட்டத்தட்டைக் கடலில் இறக்கி அது மறைகிற ஆழத்தை அளந்தார், இன்றைக்கும் ஏரி ஆராய்ச்சியில் அதே முறைதான். நான் வீட்டிலிருந்த பழைய எவர்சில்வர் தட்டை எடுத்து வெள்ளைப் பெயின்ட் அடித்து, நடுவில் துளை போட்டு, மீட்டருக்கு ஒரு முடிச்சாகக் கயிறு கட்டிக்கொண்டேன். அந்தத் தட்டு சீதனத்தோடு வந்தது என்று பிறகுதான் தெரிந்தது, அந்தக் கதை இங்கே வேண்டாம். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், தட்டு காட்டுவது மேலிருந்து கீழே பார்க்கும் தெளிவு. ஈட்டிக்காரனுக்கு வேண்டியது பக்கவாட்டில். எட்டு மீட்டரில் தட்டு மறைந்த நாளில் பக்கவாட்டில் பெரும்பாலும் ஐந்தாறு மீட்டர்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

ஏரி இவ்வளவு தெளிவாக இருப்பதில் குவாகா சிப்பிக்கும் பங்கு உண்டு. 2007 ஜனவரியில் இந்த ஏரியின் போல்டர் பேசின் என்ற பகுதியில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள், இப்போது பாறை, சங்கிலி, படகு என்று ஒட்டாத இடம் இல்லை. நகம் அளவுச் சிப்பி ஒவ்வொன்றும் தண்ணீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு லாபம், கைக்கு நஷ்டம், கையுறை இல்லாமல் பாறையைப் பிடித்தால் பிளேடு கிழித்த மாதிரி கிழிக்கும். வேறு ஏரிக்குப் போவதாக இருந்தால், சிப்பி அங்கேயும் பரவாமல் இருக்க, வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை), ஈட்டிக் குழாய் எல்லாவற்றையும் கழுவி நன்றாகக் காயவையுங்கள். இந்த ஈட்டியின் குழாய்க்குள் தண்ணீர் தங்குகிறது, அது ஒரு குறை. முனையைக் கழற்றிவிட்டு வெயிலில் தலைகீழாகச் சாய்த்துத்தான் வைக்க வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரி. மேல் தண்ணீர் 12 டிகிரி, தட்டு ஒன்பது மீட்டருக்கும் கீழே போய்த்தான் மறைகிறது. கெண்டை குளிரில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, ஆழத்தில் பாறை விளிம்பு ஓரமாக, கோயில் திண்ணையில் உட்கார்ந்த பெரியவர்கள் மாதிரி வரிசையாக நிற்கும். ஓடாது, ஆனால் அது நிற்கும் இடம் பத்து மீட்டர் ஆழம். ஐந்து மில்லிமீட்டர் வெட்சூட்டில் நடுங்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் கீழே போய், நிதானமாகக் குறிபார்க்கிற திறமை எனக்கு இல்லை. இரண்டு மாதத்தில் ஒரு மீன்.

அந்த மாதங்களில்தான் ஒரு கண்டமும் இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு நாள் சரளைக்கல் கரையோரம் ஆழமில்லாத இடத்தில் பெரிய மீன் ஒன்று. கெண்டை என்றே நினைத்துக் கம்பியை இழுத்துவிட்டேன். கூட வந்த நண்பர் காலைப் பிடித்து இழுத்தார். தலைக்குப் பின்னால் கத்தி முதுகு மாதிரிக் கூரான திமில், வாய் அடிப்பக்கம், மீசை கிடையாது. ரேசர்பேக் சக்கர், கொலராடோ ஆற்றின் சொந்தப் பிள்ளை, 1991-இலிருந்து அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சட்டப் பாதுகாப்பில் இருப்பது. கெண்டை முட்டையிடுவதற்கு முன்பே, குளிர்காலக் கடைசியில் அது சரளைக்கரைக்கு வந்துவிடும். அதனால் குளிர்மாதத்தில் கரையோரம் பெரிய மீனைக் கண்டால் கெண்டையாக இருக்காது என்று நினைத்துக்கொண்டே போங்கள். வாயோரம் மீசையும், முதுகின் பாதி நீளத்துக்குப் போகும் துடுப்பும், கை அளவுக்கு வட்டமான செதிலும் தெரிந்தால் மட்டும்... கை அளவு என்பது கொஞ்சம் அதிகம், ஒரு ரூபாய் நாணயம் அளவு என்று வையுங்கள். அது தெரியாத தூரத்தில் ரப்பரை இழுக்கவே கூடாது.

ஏப்ரல் பாதியிலிருந்து கதை மாறுகிறது. ஆழமில்லாத இடங்களில் தண்ணீர் 17, 18 டிகிரி தொட்டதும் கெண்டை மேலே ஏறிவிடும். ஏரி மட்டம் ஏறுகிற வருடமாக இருந்தால் இன்னும் நல்லது, காய்ந்த கரையில் முளைத்த புதரெல்லாம் தண்ணீருக்குள் போயிருக்கும், அதில்தான் முட்டையை ஒட்டவைக்கும். முழங்கால் ஆழத்தில் ஒரு பெண் மீனை நாலைந்து ஆண்கள் துரத்திக்கொண்டு, முதுகு வெளியே தெரிய, சந்தை மாதிரிச் சத்தம். கரையில் நின்றாலே கேட்கும். அந்த நேரத்தில் அவற்றுக்கு உங்களைப் பற்றிக் கவலையே கிடையாது.

அதே நேரத்தில் தண்ணீரும் டிகாஷன் மாதிரி ஆகிவிடும், கலக்குவதே அவைதான். தட்டு ஒன்றரை மீட்டரில் மறைந்த இடத்தில் இறங்கி, ஈட்டி முனையையே பார்க்க முடியாமல் திரும்பியிருக்கிறேன். புதருக்குள்ளே போவது வீண் வேலை, கொஞ்சம் ஆபத்தும் கூட, கூட வந்தவர் எங்கே என்று தெரியாமல் ஈட்டியை இழுத்துப் பிடிப்பது பைத்தியக்காரத்தனம். பிறகு புரிந்தது, கலங்கலுக்கு ஓர் ஓரம் இருக்கிறது. போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி நின்று பார்த்தால் பச்சைத் தண்ணீரில் பழுப்புத் திட்டு தெரியும், அதன் விளிம்பில் இரண்டு மூன்று மீட்டர் தெளிவு. அங்கே அடியில் படுத்துக் காத்திருந்தால் கெண்டை அந்தப் புகைக்குள்ளிருந்து வெளியே வரும், வரும்போதே இரண்டு மீட்டரில் இருக்கும். அது என்னைப் பார்ப்பதற்குள் கம்பி போய்விடும்.

ஏழடிக் கம்பி அதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. நீளமான ஸ்பியர்கன் (ஈட்டியைச் சுடும் துப்பாக்கி) வைத்திருந்த நண்பர் அந்தக் கலங்கலில் திணறினார், அவருடைய துப்பாக்கி முனை பார்வை எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய ஆறு சனிக்கிழமை, பதினேழு கெண்டை எனக்கு, நாலு அவருக்கு. வாழ்க்கையில் ஒரு முறையாவது இப்படி ஒரு கணக்கு எழுதும் வாய்ப்புக் கிடைத்ததே.

காற்றையும் சொல்ல வேண்டும். பாலைவனக் காற்று இரண்டு நாள் ஒரே பக்கமிருந்து அடித்தால் எதிர்க்கரையில் அலை மோதி மண்ணைக் கிளப்பிவிடும், காற்று கிளம்பும் பக்கத்துக் கரை தெளிவாகவே இருக்கும். வெள்ளிக்கிழமை காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் போய் வீணாகத் திரும்பிய நாட்களுக்குக் கணக்கில்லை.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை வேகமாகச் சொல்லிவிடலாம். வெயில் 43 டிகிரி, படகுக் கூட்டம், ஜூலையில் மழைக்காலம் தொடங்கினால் ஒரு மணி நேர மழைக்கு ஓடைகள் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டும், ஓடை வாயில் சில நாளைக்கு ஒன்றும் தெரியாது. கெண்டை விடிகாலையில் கரையோரம் மேயும், எட்டு மணிக்கு மேல் ஆழத்துக்கு இறங்கிவிடும். நான் நாலு முறைதான் போனேன்.

அப்புறம் அக்டோபர். மேல் தண்ணீர் 21 டிகிரி, படகுகள் குறைந்துவிட்டன, தட்டு பத்தாவது முடிச்சைத் தாண்டியது. எல்லோரும் இதைத்தான் சிறந்த காலம் என்கிறார்கள். ஈட்டி வந்த பெட்டியில்கூட ‘தெளிந்த நீருக்கு, புதியவர்களுக்கு’ என்று போட்டிருந்தது. கெண்டையும் குளிருக்கு முன்னால் கொழுப்பு சேர்க்கக் கூட்டம் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தது, ஒரே பார்வையில் முப்பது. முதல் நாள் எனக்கு வாயெல்லாம் பல்.

அன்றைக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிகிற அளவு அதற்கும் தெரிகிறது, அவ்வளவுதான் விஷயம். நான் அசைந்தால் கூட்டம் அசைகிறது, நான் நின்றால் நிற்கிறது, எப்போதும் நாலு மீட்டர் இடைவெளி. வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறவர் மாதிரி, நெருங்கவும் முடியாது, விடவும் மனம் வராது. தண்ணீருக்கடியில் மாஸ்க் வழியாகப் பார்த்தால் எல்லாம் கால்வாசி நெருங்கித் தெரியும் என்பதும் சேர்ந்துகொண்டது. மூன்று மீட்டர் என்று நினைத்து அடித்தேன், உண்மையில் நாலு. கம்பி பாயும், நிற்கும், மீன் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த மாதத்தில் ஐந்து நாள் போய் இரண்டு மீன், அதில் ஒன்று, நான் பாறை மறைவில் படுத்துக் கைப்பிடி வண்டலைக் கிளப்பிவிட, மற்ற கெண்டை மேய்கிறது என்று நினைத்து வந்து மாட்டியது. அதாவது தெளிந்த தண்ணீரை நானே கலக்கிய பிறகுதான் கிடைத்தது.

எனவே பெட்டியில் எழுதியிருப்பது தப்பு. இது கலங்கல் தண்ணீர்க் கருவி. இரண்டு முதல் நாலு மீட்டர் தெளிவு இருந்தால் இதைவிடப் பெரிய கருவி வேண்டாம், எட்டு மீட்டர் தெளிவில் இது கைத்தடி.

இனி பொருளின் குறைகள். மூன்று முள் முனை கெண்டைக்கு லாயக்கில்லை. சிறிய மீனுக்குச் சரி. நாலு கிலோக் கெண்டையின் செதில் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி அடுக்கியிருக்கும், பக்கத்திலிருந்து நேராகப் படாவிட்டால் முள் வழுக்கிவிடும், நேராகப் பட்டாலும் அரை அங்குலம்தான் இறங்கும், மீன் ஒரு முறுக்கு முறுக்கிக் கழன்று போய்விடும். காயத்தோடு போன மீன் எங்கேயோ சாகும், அதைவிடக் கேவலமான உணர்வு இதில் வேறில்லை. போதாததற்குக் கெண்டை இனத்தில் தோல் கிழிந்தால் தண்ணீரில் கலக்கும் ஒரு பொருள் மற்ற மீன்களை எச்சரிக்கும், விலங்கியல் விஞ்ஞானி கார்ல் வான் ஃபிரிஷ் 1938-இல் இதே உறவுக்கார மீன் ஒன்றில் கண்டுபிடித்தது. ஒன்று தப்பினால் அந்த இடத்தை விட்டுக் கிளம்புவதுதான் நல்லது. மே மாதமே 28 டாலருக்கு ஒற்றை முனை வாங்கினேன், மீனைத் துளைத்ததும் விரியும் மடக்கு முள் வைத்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு மீன்தான் தப்பியது. இந்த முனையையே பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது, நடு இணைப்பு. நாலைந்து முறை அடித்ததும் மரை தளர்ந்து டிக் டிக் என்று ஆடுகிறது. மனிதனுக்கு அது சின்னச் சத்தம். கெண்டைக்குக் காற்றுப்பையிலிருந்து உள்காதுக்கு வரிசையாகக் குட்டி எலும்புகள் இருக்கின்றன, உடம்பே காது என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான மீன்களைவிட நன்றாகக் கேட்கும். தளர்ந்த ஈட்டியோடு போன அன்றெல்லாம் நான் பார்ப்பதற்கு முன்பே மீன் வால் காட்டிவிட்டது. குழாய் வேலைக்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப் மூன்று சுற்று, ஒரு ரப்பர் வாஷர், பிரச்சினை தீர்ந்தது. ஒரு டாலர்கூட ஆகாத வேலை, தயாரிக்கிறவர் செய்யவில்லை.

மூன்றாவது ரப்பர். நெவாடா வெயிலில் கார் டிக்கியில் வைத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஜூலையில் விரிசல் விட்டு, இழுக்கும்போதே அறுந்து மணிக்கட்டில் அடித்தது, பத்து நாள் வீக்கம். வாங்கிய கடைக்கு எழுதினேன், மூன்று வாரம் கழித்து ‘ரப்பர் உத்தரவாதத்தில் வராது’ என்று ஒரு வரி. சரி என்று மீட்டர் கணக்கில் லேடெக்ஸ் குழாய் வாங்கி நானே கட்டிக்கொண்டேன். வீட்டுக்குள் இருட்டில் வைத்தால் உழைக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டுமே. குழாய் இன்னும் நேராக இருக்கிறது, பாறையில் எத்தனை முறை இடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாகக் கழற்றினால் சின்னக் காரின் பின் சீட்டில் படுத்துக்கொள்ளும். ஸ்பியர்கன் மாதிரி ரப்பர் ஏற்றித் தயாராக வைக்கிற வேலை இல்லை, ரப்பரை இழுக்காத வரை ஈட்டி செத்த கம்பி, அருகில் ஆள் இருக்கும்போது அது பெரிய நிம்மதி. தனியாக மட்டும் போகாதீர்கள், ஒருவர் கீழே போனால் இன்னொருவர் மேலே நின்று பார்க்க வேண்டும். மூச்சுப் பிடித்து மேலே வரும்போது மயக்கம் வருவது அனுபவசாலிக்கும் நடக்கிறது.

பிடித்ததை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. கெண்டைச் சதை முழுக்கச் சின்ன முள், அதனால் தோல் பக்கம் நெருக்கமாகக் கீறல் போட்டு மொறுமொறுவென்று பொரித்தால் சின்ன முள் தெரியாது. மண் வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள், புளிப்புப் பட்டால் அடங்கிவிடும். நம்ம புளிக்குழம்புக்கு இந்த மீனைவிடப் பொருத்தமானது அமெரிக்காவில் எனக்குக் கிடைக்கவில்லை. முதல் மீனைக் கொண்டுபோனபோது வீட்டில் “ஏங்க, 95 டாலர் ஈட்டிக்கு இதுதானா?” என்று கேட்டவர், மே மாதத்தில் “இந்த வாரம் போகலையா?” என்றார். பக்கத்துத் தெருவில் மேலும் மூன்று வீட்டுக்குப் போகிறது. மாநில சுகாதாரத் துறை எந்த ஏரி மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று அறிவிப்பு வெளியிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் வாங்கலாம்? வசந்தத்தில் ஆழமில்லாத, கொஞ்சம் கலங்கிய இடத்தில் கெண்டை தேடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், கூடவே ஒற்றை முனையும் டெஃப்லான் டேப்பும் வாங்கிவிடுங்கள், மொத்தம் 125 டாலருக்குள் முடியும். இலையுதிர்காலத் தெளிவுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம், ஒன்பதரை அடிக் கம்பியோ ஸ்பியர்கன்னோ பாருங்கள். நான் இதை விற்கப்போவதில்லை. ரப்பர் புதிதாகக் கட்டியாயிற்று, மரைக்கு டேப் சுற்றியாயிற்று, தட்டுக்கும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். இன்றைக்குத் தண்ணீர் 13 டிகிரி. இன்னும் மூன்று மாதம்.